கேரம் கிளப்பில் ஆவணப்படம்: போர்டு மேல பட்டை ஓடுது, அடி விழுந்தா சத்தம் கிழியுது

பவுடர்_டப்பா கேட்டது:

வடசென்னை வியாசர்பாடியில ஒரு கேரம் கிளப்பைப் பத்தி 40 நிமிஷ ஆவணப்படம், ஷூட்டிங் போயிட்டிருக்கு. பத்துக்குப் பன்னெண்டு அடி ரூம், தகரக் கூரை, ரெண்டு போர்டு, ஒவ்வொண்ணுக்கும் மேல தொங்குற எல்இடி பல்பு. ஆடுறது நாலு பொண்ணுங்க, அதுல ரெண்டு பேருக்கு 18 ஆகல. 2024-ல அமெரிக்காவுல நடந்த கேரம் உலகக் கோப்பையில வடசென்னைப் பொண்ணு காசிமா மூணு தங்கம் ஜெயிச்சப்போ எல்லா சேனலும் இந்தப் பக்கம் வந்து ஆளுக்கு ரெண்டு நிமிஷம் எடுத்துட்டுப் போச்சு. இது அப்படி இல்ல, ஒரு சீசன் முழுக்கக் கூடவே இருந்து எடுக்கிறது.

மிரர்லெஸ் கேமரா ஒண்ணு, போன் ஒண்ணு, காலர் மைக் ரெண்டு. ஃபுட்டேஜ்ல போர்டு மேல கறுப்புப் பட்டை மெதுவா நகர்ந்துட்டே இருக்கு. நேர் மேலயிருந்து எடுத்தா நடுவட்டத்துல பல்பு வெளிச்சம் வெள்ளையா அடிக்குது. ஸ்ட்ரைக்கர் அடிக்கும்போதெல்லாம் சத்தம் கிழியுது. முடிச்சதும் முதல்ல அந்தத் தெருவுலயே திரை கட்டிப் போடணும். அதுக்கு சென்சார் சான்றிதழ் வேணுமா?

ஐம்பது_ஹெர்ட்ஸ்:

பட்டைக்குப் பல்பு பாதி, செட்டிங் பாதி காரணம். நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பல்பு நொடிக்கு 100 தடவை கூடிக் குறையும். உங்க கேமரா 30 ஃப்ரேம் (நொடிக்கு 30 படம்), 1/60 ஷட்டர்ல (ஒவ்வொரு படத்துக்கும் நொடியில 60-ல ஒரு பங்கு நேரம் ஒளி விழும்) இருக்கும். அது அமெரிக்கக் கரண்ட்டுக்குப் போட்ட கணக்கு. மெனுவுல என்டிஎஸ்சியை (அமெரிக்க வீடியோ முறை) எடுத்துட்டு பால் (PAL, நம்ம ஊர் வீடியோ முறை) வையுங்க. 25 ஃப்ரேம், 1/50. ஐபோன்ல பால் ஃபார்மட் காட்டுற ஸ்விட்சை ஆன் பண்ணாத்தான் 25 கண்ணுலயே படும். ஷட்டரைப் பூட்டி வைக்க பிளாக்மேஜிக் கேமரா ஆப் இலவசமாவே கிடைக்குது. பாதிப் படம் 30-ல எடுத்தாச்சுன்னா ஃப்ரேமை மாத்தாதீங்க, ஷட்டரை மட்டும் 1/50 இல்லன்னா 1/100 ஆக்குங்க. பட்டை அடங்கிடும். ஏற்கெனவே கெட்டுப்போனதுக்கு டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் சாஃப்ட்வேர்ல டீஃப்ளிக்கர்னு மினுக்கலைக் குறைக்கிற வசதி இருக்கு, ஆனா காசு கட்டுற ஸ்டூடியோ பதிப்புல மட்டும்தான்.

ஸ்லோமோஷன்னா 100 ஃப்ரேம், 1/100. ஆசைப்பட்டு 120-க்குப் போனா மறுபடி ஆடும். படத்துல ஸ்ட்ரைக்கர் இழுபடாம அப்படியே நிக்கணும்னா ஷட்டர் 1/500-க்கு மேல வேணும், அந்த வேகத்துக்குச் சாதா எல்இடி தாங்காது. பேட்டரியில ஓடுற, மினுக்காத வீடியோ லைட்டை அதே ஷேடுக்குள்ள கட்டித் தொங்கவிடுங்க. ரூமோட தோற்றமும் மாறாது.

நடுவட்டத்துல வெளிச்சம் வெள்ளையா அடிக்கிறதுக்கு போலரைசர் (பளபளப்பைக் குறைக்கிற லென்ஸ் ஃபில்டர்) வாங்கச் சொல்வாங்க. நேர் மேலயிருந்து எடுக்கும்போது அது ஒண்ணும் செய்யாது. வார்னிஷ் பளபளப்பை அது வெட்டுறது கேமரா போர்டுலயிருந்து 35 டிகிரி உயரத்துல சாய்ஞ்சு பார்க்கும்போது, அதாவது ஆடுறவங்க தோளுக்குப் பின்னாலயிருந்து. டாப் ஷாட்டுக்கு லைட்டை நடுவுலயிருந்து ஒரு ஓரத்துக்கு மேல நகர்த்துங்க. ஒரு ஆள் கயித்தைப் பிடிச்சு நகர்த்த, இன்னொருத்தர் ஸ்கிரீனைப் பாத்துச் சொல்லணும்.

இரைச்சல்_வேட்டை:

சத்தம் கிழியிறது மைக் தப்பில்ல, ஆட்டோ லெவல். அந்தப் பொண்ணு குறி பாக்குற நாலஞ்சு செகண்ட் அமைதியில ஆட்டோ, அளவை ஏத்திட்டே போகும். சரியா உச்சத்துக்குப் போன நேரத்துல அடி விழுது. மேனுவலுக்கு மாத்துங்க. மீட்டர்ல பேச்சு மைனஸ் 18 டெசிபல் பக்கம், அடி மைனஸ் 6-ஐத் தாண்டக் கூடாது. சேஃப்டி டிராக் வசதி (அதே சத்தத்தைக் குறைஞ்ச அளவுல இன்னொரு காப்பியாப் பதியுறது) இருந்தா ஆன்லயே கிடக்கட்டும். 32 பிட் ஃப்ளோட் (அளவு மீறின சத்தத்தையும் பின்னால குறைச்சு மீட்கிற ரெக்கார்டிங் முறை) இருக்கேன்னு அசால்ட்டா விடாதீங்க, மைக் தலையிலயே உடைஞ்ச சத்தத்தை அதுவும் மீட்டுத் தராது.

ஆட்டத்துக்குக் காலர் மைக்கே வேணாம். முன்னால குனிஞ்சு அடிக்கிறவங்க, துப்பட்டா உரசிட்டே இருக்கும். அதுல ஒரு மைக்கைக் கழட்டி போர்டு ஸ்டாண்டுக்கு அடியில டேப் போட்டு ஒட்டுங்க. காய் போர்டு ஓரச் சட்டத்துல மோதுறது, பாக்கெட் வலையில விழுறது எல்லாம் தனித்தனியாக் கேக்கும். படத்துக்கு அதுதான் சங்கீதம், மேல பேக்ரவுண்ட் மியூசிக் ஊத்தாதீங்க.

பேட்டிக்கு அந்த ரூமை விட்டா வேற வழியில்லன்னா, ரெண்டு கனமான ஜமக்காளம். ஒண்ணு கேமராவுக்குப் பின்னால, ஒண்ணு பேசுறவங்களுக்குப் பக்கவாட்டுல. தகரமும் வெத்துச் சுவரும் எதிரொலிக்கும்.

பவுடர்_டப்பா:

ஃபேனை நிறுத்தினா தகரக் கூரைக்குக் கீழ பத்து நிமிஷம் உக்கார முடியல.

இரைச்சல்_வேட்டை:

அப்போ எட்டு நிமிஷம் பேச்சு, அஞ்சு நிமிஷம் ஃபேன். நேரத்தை விடியக்காலைக்கு மாத்துங்க. வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷன் டைம்டேபிளை போன்ல வச்சுக்கிட்டு, வண்டி போனதும் கேள்வி கேளுங்க, அழுத்தமான பதில் பாதியில அறுபடாது. கிளம்புறதுக்கு முன்னால ஃபேன் ஓட ஒரு நிமிஷம், ஓடாம ஒரு நிமிஷம் வெறும் ரூம் சத்தம் எடுத்துடுங்க. அது இல்லாம எடிட்ல ஒட்டுப்போட முடியாது.

பக்கத்து வீட்டு டிவியில சினிமாப் பாட்டு ஓடினா, கெஞ்சியாவது நிறுத்தச் சொல்லுங்க. பேச்சோட கலந்த பாட்டைப் பிரிக்கிறது பெரும்பாடு. யூடியூப்ல ஏத்தின அன்னைக்கே உரிமை கேட்டு நோட்டீஸ் வரும். கிளப் பசங்க கானா பாடினா சந்தோஷமா எடுங்க, ஆனா எழுதினவர், பாடினவர் ரெண்டு பேர்கிட்டயும் கையெழுத்து வாங்குங்க.

படிவம்_மூன்று:

தெருவில் திரை கட்டிப் போடுவதும் பொதுத் திரையிடல்தான். 1952 ஒளிப்பதிவுச் சட்டப்படி சான்றிதழ் வேண்டும். தணிக்கை வாரியத்தின் மண்டல அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது, விண்ணப்பம் இ-சினிபிரமான் தளத்தில். 2023 திருத்தத்துக்குப் பிறகு சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. யுஏ பிரிவு (பெற்றோர் வழிகாட்டுதலுடன் பார்ப்பது) 7, 13, 16 வயது என மூன்றாகப் பிரிந்திருக்கிறது. பலர் சிக்கிக்கொள்வது இன்னொரு இடத்தில்: சான்றிதழ் வாங்கியபின் ஒரு ஷாட்டை மாற்றினாலும் வாரியத்துக்குத் தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டும். எடிட்டை முழுதாக முடித்துவிட்டு விண்ணப்பியுங்கள். யூடியூபுக்கு இந்தச் சான்றிதழ் தேவையில்லை. விழாக்களுக்குத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விலக்கு வாங்கும் வழி உண்டு, அதை விழா நடத்துபவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

18 நிறையாத இரண்டு பேருக்கும் பெற்றோர் கையெழுத்துடன் அந்தப் பெண்களின் சம்மதமும் தனியாக வேண்டும். படிவம் தமிழில் ஒரே பக்கம். எங்கெல்லாம் காட்டப்படும் என்று பெயர் பெயராக எழுதுங்கள்: தெரு, விழா, டிவி, ஓடிடி, யூடியூப். ‘எல்லா ஊடகங்களிலும்’ என்று ஒரே வரியில் முடிப்பது யாருக்கும் புரியாது. சத்தமாகப் படித்துக் காட்டி, அதையும் கேமராவில் பதிவு செய்யுங்கள். எடிட் இறுதியாகும் முன் அவர்கள் படத்தைப் பார்த்து, வேண்டாத பகுதியை நீக்கச் சொல்லும் உரிமை உண்டு என்று ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். ஒரு சீசனுக்குள் அந்த வீடுகளில் என்னென்னவோ நடக்கும். கடன், கல்யாணப் பேச்சு, படிப்பு நிற்பது, எதுவும் முதல் நாள் கையெழுத்தில் அடங்காது.

கடைசி_கட்:

டெக்னிக்கல் எல்லாம் சொல்லிட்டாங்க. எடிட் டேபிள்ல இருந்து ரெண்டு விஷயம்.

கேரம் தெரியாத ஆளுக்கு ஆட்டம் புரியணும்னா வாய்ஸ்ஓவர்ல விதி படிக்காதீங்க. ரெட்டை (நடுவுல இருக்கிற சிவப்புக் காயை) பாக்கெட்ல போட்டா அடுத்த அடியிலயே ஃபாலோ (தன்னோட காய் ஒண்ணு) போடணும், தவறினா ரெட் திரும்பவும் நடுவுக்கே வந்துடும். அந்த ரெண்டு அடிக்கு நடுவுல ஒரு முகம் இருக்கு பாருங்க, விரல் ஸ்ட்ரைக்கரை இடமும் வலமும் நகர்த்திட்டு, மூச்சை நிறுத்தி. அதை வெட்டாம முழுசா விடுங்க, விதி தானாப் புரியும். எதிராளி முகத்தைத் தனியா எடுக்க மறந்துடாதீங்க.

ரெண்டாவது, வடசென்னைன்னாலே கூரை மேல ட்ரோன், சாக்கடை, பறை அடி, கத்தி. அந்த ஆரம்பத்தை அடிச்சுத் தூக்கிப் போடுங்க. கேரம் ஒலிம்பிக்லயும் இல்ல, ஏசியன் கேம்ஸ்லயும் இல்ல. ஜெயிச்சா என்ன கிடைக்கும்னு தெரிஞ்சேதான் இந்தப் பொண்ணுங்க தினமும் வந்து உக்கார்றாங்க. அந்தக் கேள்வியை அம்மாக்கள்கிட்ட கேளுங்க. சப்டைட்டிலுக்கு எழுதி எடுக்கும்போது ‘இன்னா’ன்னா ‘இன்னா’தான், ‘என்ன’ன்னு திருத்தி வைக்காதீங்க. வரிக்கு 42 எழுத்து, ரெண்டு வரிக்கு மேல வேணாம்.

100 எம்பிபிஎஸ்ல (நொடிக்கு 100 மெகாபிட்) 4கே எடுத்தா மணிக்கு 45 ஜிபி. 40 மணி நேர ஃபுட்டேஜ் 1.8 டிபி, ரெண்டு காப்பி வேணும், ரெண்டும் ஒரே வீட்ல இருக்கக் கூடாது.

ஐம்பது_ஹெர்ட்ஸ்:

ஒண்ணு விட்டுப்போச்சு. போர்டுல தட்டுற போரிக் பவுடர் கண்ணுக்குத் தெரியாம ரூம் முழுக்கப் பறக்கும். உள்ள லென்ஸ் மாத்தினா கேமராவுக்குள்ள படம் பதியிற சென்சார்ல போய் உக்காரும், அப்புறம் வானத்தை எடுக்கும்போதுதான் புள்ளி புள்ளியாத் தெரியும். வெளிய வந்து, பைக்குள்ள வச்சு மாத்துங்க. லென்ஸ் முன்னால சாதா கண்ணாடி ஃபில்டர் ஒண்ணு. துடைக்கிறதுக்கு முன்னால புளோயரால ஊதிடுங்க, வாயால வேணாம்.