கூலர் பொருத்தியும் டிரான்ஸ்மிஷன் சூடு இறங்கவில்லை – டிரெய்லர் இழுப்பவர்கள் உதவுங்கள்

கேம்பிங்_பிரியன் (மிசிசாகா)

வணக்கம். வண்டி 2013 மாடல் ஏழு சீட் எஸ்யூவி, 3.5 லிட்டர் வி6, 5 ஸ்பீடு ஆட்டோமேட்டிக். 4,500 பவுண்டு வரை இழுக்கலாம் என்று கையேட்டில் போட்டிருக்கிறது. நான் இழுக்கும் டிராவல் டிரெய்லர் சாமான், தண்ணீர் எல்லாம் சேர்த்து 3,400 பவுண்டு. எடை மேடையில் ஏற்றிப் பார்த்த கணக்கு இது. டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் பந்தின் மேல் இறங்கும் எடை 400. டிரெய்லர் பிரேக்கும் கண்ட்ரோலரும் நன்றாக வேலை செய்கின்றன.

பிரச்சினை சூடுதான். வண்டியின் கணினித் தகவலை ஃபோனுக்கு அனுப்பும் ஓபிடி அடாப்டர் மாட்டி, டிரான்ஸ்மிஷன் ஆயில் வெப்பநிலையை ஃபோனில் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறேன். டிரெய்லர் இல்லாமல் ஹைவேயில் 88 டிகிரி செல்சியஸ். டிரெய்லருடன் சமதளத்தில் 100. ஹன்ட்ஸ்வில் தாண்டி அல்கான்குவின் பூங்காவுக்குப் போகும் 60-ஆம் நெடுஞ்சாலை ஏற்றங்களில் 120 வரை ஏறிவிட்டது.

அதனால் ஒரு கடையில் கொடுத்து ரேடியேட்டருக்கு முன்னால் தனி கூலர் போட்டேன். அடுக்குத் தகடு வகை, நல்ல சைஸ். அதற்கப்புறமும் ஏற்றத்தில் 114 காட்டுகிறது. டிரெய்லர் இல்லாமல் ஓட்டினால் அதே 88, ஒரு டிகிரி கூட மாறவில்லை. ஆயில் புதிது, கையேட்டில் சொன்ன வகைதான், அளவும் சரி. இன்னும் பெரிய கூலர் வாங்க வேண்டுமா? கோடையில் பிள்ளைகளோடு சுப்பீரியர் ஏரிக்கரையில் அகாவா பே போக இடம் பதிவு செய்திருக்கிறோம். 17-ஆம் நெடுஞ்சாலையில் வரும் மான்ட்ரியல் ரிவர் ஏற்றத்தை நினைத்தால்தான் கவலை.

ஹூஸ்டன்_வாசி

நான் ரேடியேட்டருக்குப் போகும் ஆயில் இணைப்பையே எடுத்துவிட்டு, வெளிக் கூலரை மட்டும் வைத்து ஓட்டுகிறேன். படகு டிரெய்லரோடு 40 டிகிரி வெயிலில் போனாலும் தொந்தரவு இல்லை. இன்னொரு லாபமும் உண்டு. ரேடியேட்டரின் பக்கத் தொட்டிக்குள் இருக்கும் ஆயில் கூலர் பழசாகி வெடித்தால் கூலன்ட்டும் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ஆயிலும் கலந்து ரோஸ் மில்க் நிறத்தில் வரும். அது உள்ளே போனால் கிளட்ச் தகடுகள் ஊறிப் பிய்ந்துவிடும், டிரான்ஸ்மிஷனையே பிரிக்க வேண்டியதுதான். இணைப்பே இல்லையென்றால் அந்தப் பயமும் இல்லை.

வின்னிபெக்_வண்டிக்காரன்

ஹூஸ்டன் நண்பர் சொல்வது ஹூஸ்டனுக்குச் சரி. கனடாவில் அப்படிச் செய்யாதீர்கள் என்பேன். ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலருக்கு இரண்டு வேலை. கோடையில் ஆயிலின் சூட்டை வாங்கிக்கொள்ளும். குளிரில் கூலன்ட்டின் சூட்டை ஆயிலுக்குக் கொடுக்கும். எங்கள் ஊரில் மைனஸ் 30 சாதாரணம். அந்தக் குளிரில் ஆயில் கெட்டியாகி, கியர் மாறும்போது இடிக்கும். ஆயில் ஓரளவு சூடாகும்வரை டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சின் சக்தியை ஆயில் வழியாக டிரான்ஸ்மிஷனுக்குக் கடத்தும் பகுதி) வழுக்காமல் லாக் ஆக விடாத வண்டிகளும் நிறைய. ரேடியேட்டர் பழசாகிவிட்டது என்று பயமிருந்தால் ரேடியேட்டரை மாற்றுங்கள், அதன் வேலையைப் பறிக்காதீர்கள்.

ஸ்கார்பரோ_மெக்கானிக்

தம்பி, பெரிய கூலர் வாங்கக் காசு செலவழிக்காதேங்கோ. நீங்கள் எழுதினதிலேயே பதில் இருக்கு. டிரெய்லர் இல்லாமல் ஓடும்போது 88 அப்படியே நிற்கிறது என்றீர்களே, அதுதான் துப்பு. வெளிக் கூலர் வரிசையில் கடைசியாக இருந்தால், வெறும் வண்டியில் ஹைவேயில் ஓடும்போது ஆயில் 70-களுக்கு இறங்க வேணும். இறங்கவில்லை என்றால், கூலரில் ஆறின ஆயில் திரும்ப ரேடியேட்டருக்குள் போய் கூலன்ட்டின் சூட்டை வாங்கிக்கொண்டு வருகிறது என்றுதான் நினைக்கிறேன். ஆற்றின பாலைத் திரும்ப அடுப்பில் வைக்கிற மாதிரி.

சரியான வரிசை இது: டிரான்ஸ்மிஷனில் இருந்து சூடான ஆயில் முதலில் ரேடியேட்டருக்கு, பிறகு வெளிக் கூலருக்கு, அங்கிருந்து நேரே டிரான்ஸ்மிஷனுக்கு. பல கடைகளில் கைக்கு எட்டின ஹோஸை வெட்டிக் கூலரை மாட்டிவிடுவார்கள். அது போகிற பாதையா, வருகிற பாதையா என்று பார்ப்பதில்லை.

ஊகத்தில் கழற்ற வேண்டாம், அளந்து பாருங்கோ. இன்ஃப்ராரெட் வெப்பமானி இருந்தால் போதும். பளபளக்கிற இரும்புக் குழாயில் அது சூட்டைக் குறைத்துக் காட்டும். அளக்கிற இடங்களில் கறுப்பு டேப் சுற்றிவிட்டு அதன் மேல் பிடியுங்கோ. அரை மணி நேரம் ஹைவேயில் ஓடிவிட்டு வந்து, எஞ்சின் ஓடும்போதே டிரான்ஸ்மிஷன் வாய், கூலரின் உள்வாய், வெளிவாய், டிரான்ஸ்மிஷனுக்குத் திரும்பும் குழாய், நாலையும் எழுதுங்கோ. ஃபேன் திடீரென்று சுற்றும், கையும் சட்டை நுனியும் கவனம்.

கேம்பிங்_பிரியன்

அண்ணை, அளந்துவிட்டேன். டிரான்ஸ்மிஷனிலிருந்து வெளியே வரும் இடத்தில் 96. கூலருக்குள் நுழையும் இடத்தில் 94. கூலரை விட்டு வெளியே 68. டிரான்ஸ்மிஷனுக்குத் திரும்பும் குழாயில் 83! கூலரிலிருந்து வரும் ஹோஸைக் கையால் தொடர்ந்து போனால் அது ரேடியேட்டரின் ஆயில் வாயில்தான் போய் முடிகிறது. நீங்கள் சொன்னதேதான்.

இன்னும் ஒன்று கண்ணில் பட்டது. கூலரை ரேடியேட்டர் தகடுகளுக்கு நடுவே குத்திச் செருகும் பிளாஸ்டிக் கம்பிகளால் கட்டியிருக்கிறார்கள். ஏசி கண்டென்சரோடு ஒட்டிக்கொண்டே நிற்கிறது. அதே கடையில் கொடுக்க மனசு வரவில்லை. நானே மாற்றலாமா?

ஸ்கார்பரோ_மெக்கானிக்

தாராளமாகச் செய்யலாம். 68-இல் வந்த ஆயில் 83 ஆகித் திரும்புது பாருங்கோ, 15 டிகிரி வீண். கூலரில் ஒரு பிழையும் இல்லை. சுமை ஏறும்போது இந்த வரிசையும் கொஞ்சம் குளிர்விக்கும். அதனால்தான் ஏற்றத்தில் 120 இருந்தது 114 ஆனது. ஆனால் திரும்பி வரும் ஆயில் கூலன்ட் சூட்டை ஒட்டியேதான் நிற்கும்.

முதலில் ரேடியேட்டருக்கான பழைய இணைப்பை உள்ளபடியே சேருங்கோ. வெட்டின ஹோஸை ஒட்டுப் போடாமல் புதிதாக மாற்றுவது நல்லது. பிறகு ரேடியேட்டரில் இருந்து டிரான்ஸ்மிஷனுக்குத் திரும்பும் பாதையில் கூலரைச் சேருங்கோ.

ஹோஸ் விஷயத்தில் சமரசமே வேண்டாம். டிரான்ஸ்மிஷன் ஆயில் கூலர் ஹோஸ் என்றே கேட்டு வாங்குங்கோ, மேலே எஸ்ஏஇ ஜே1532 என்று அச்சடித்திருக்கும். பெட்ரோல் ஹோஸ், ஹீட்டர் ஹோஸ் எல்லாம் கொஞ்ச நாள் தாங்கும், பிறகு உள்சுவர் ஊதிப் பிளக்கும். இரும்புக் குழாயை வெட்டி அதில் ஹோஸ் மாட்டுவதென்றால் குழாய் நுனியில் புடைப்பு வளையம் இருக்க வேணும். வழுவழுவென்ற குழாயில் எவ்வளவு இறுக்கினாலும் ஒருநாள் கழன்றுவிடும். ஹைவேயில் கழன்றால் சில நிமிடங்களில் ஆயில் முழுக்க ரோட்டில், சூடான எக்ஸாஸ்டில் பட்டால் தீயும் பிடிக்கும். ஹோஸ் ஒரு அங்குலமாவது உள்ளே போகட்டும், கிளாம்ப் அந்தப் புடைப்புக்குப் பின்னால் உட்காரட்டும்.

பிளாஸ்டிக் கம்பிகளைக் கழற்றி எறியுங்கோ. வண்டி அதிர அதிர அவை கண்டென்சரை அரைத்து ஓட்டை போடும். ரேடியேட்டர் சட்டத்தில் இருந்து இரண்டு அலுமினியப் பட்டை இறக்கி, அதில் கூலரை போல்ட் போட்டு நிறுத்துங்கோ. கண்டென்சருக்கும் அதற்கும் நடுவில் ஒரு விரல் அளவு இடைவெளி வேணும். வாய் இரண்டும் மேலே பார்க்கிற மாதிரி வைத்தால் உள்ளே காற்று நிற்காது.

வேலை முடிந்ததும் சிந்தின அளவுக்கு ஆயில் ஊற்றி, எஞ்சினைப் போட்டு, பிரேக்கை மிதித்தபடி எல்லாக் கியருக்கும் மாற்றி வந்து, ஆயில் அளவைக் கையேட்டில் சொன்ன முறைப்படி பாருங்கோ. சூட்டில் பார்ப்பதா, எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்ப்பதா என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும்.

வின்னிபெக்_வண்டிக்காரன்

குழாய் வேலை ஒரு பக்கம். ஏற்றத்தில் வண்டியை எந்தக் கியரில் ஓட்டினீர்கள்? டி-யில் விட்டுவிட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தால் 5-ஆம் கியருக்கும் 4-க்கும் மாறி மாறித் தாவும், டார்க் கன்வெர்ட்டரும் லாக் ஆகி ஆகி விடுபடும். சூடு பிறப்பதே அங்கேதான். லாக் விட்டுப்போனால் எஞ்சினின் சக்தி ஆயில் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகும். வழுக்குகிற அளவு முழுக்கச் சூடாக மாறும். கியர் மாறாமலே ஆர்பிஎம் திடீரென்று சில நூறு கூடினால் லாக் விட்டுவிட்டது என்று அர்த்தம்.

அதனால் ஏற்றம் தொடங்கும் முன்பே டி3 (3-ஆம் கியருக்கு மேல் போகாத நிலை) போட்டு, வேகத்தை 80-க்கு இறக்கி, 3,500 ஆர்பிஎம்மில் நிதானமாக ஏறுங்கள். எஞ்சின் சத்தம் கேட்டுப் பயப்பட வேண்டாம். 2,000 ஆர்பிஎம்மில் மூச்சு வாங்க ஏறுவதுதான் டிரான்ஸ்மிஷனுக்குக் கெடுதல். இறங்கும்போதும் அதே கியரில் விட்டால் எஞ்சினே பிடித்துக்கொள்ளும், பிரேக் தப்பிக்கும். இன்னொன்று: கூலர் போட்டதால் 4,500 பவுண்டு வரம்பு ஏறிவிடாது. பிரேக், சஸ்பென்ஷன், ஹிட்ச் எல்லாம் அதே பழையவைதானே.

கேம்பிங்_பிரியன்

மாற்றிவிட்டேன். வெறும் வண்டியில் ஹைவேயில் இப்போது 73. டிரெய்லரை மாட்டிக்கொண்டு மறுபடி 60-ஆம் நெடுஞ்சாலைக்கே போனேன். சமதளத்தில் 86. அதே ஏற்றங்களில், டி3 போட்டு, 99-ஐத் தாண்டவில்லை. உச்சிக்கு வந்து சிறிது நேரத்தில் 90-க்குத் திரும்பிவிடுகிறது. பழைய ஹோஸைக் கழற்றியபோது பார்த்தேன், குழாய் நுனி வழுவழுவென்றுதான் இருந்தது. ஹோஸ் பாதி தூரம் நழுவி, கிளாம்ப் விளிம்பில் தொற்றிக்கொண்டிருந்தது. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து போகும் வண்டி. அண்ணைக்கும் வின்னிபெக் நண்பருக்கும் என்றைக்கும் நன்றி.

கடைசியாக ஒரு கேள்வி. ஜனவரியில் ஆயில் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடாதா?

வின்னிபெக்_வண்டிக்காரன்

அடுக்குத் தகடு கூலரில் கெட்டியான குளிர்ந்த ஆயில் தகடுகளுக்குள் அதிகம் நுழையாது. எதிர்ப்புக் குறைந்த ஓரப் பாதையிலேயே பெரும்பகுதி திரும்பிவிடும். அதனால் டொராண்டோ குளிருக்குப் பெரும்பாலும் இதுவே போதும். டிசம்பரில் வெறும் வண்டியில் ஓட்டும்போது வெப்பநிலையைப் பாருங்கள். 60-ஐத் தாண்டவே மாட்டேன் என்றால் கூலருக்கு முன்னால் ஒரு தெர்மோஸ்டாட் பைபாஸ் வால்வு போடுங்கள். ஆயில் சுமார் 80 டிகிரி வரும்வரை அது கூலரைச் சுற்றித் திருப்பிவிடும்.

ஸ்கார்பரோ_மெக்கானிக்

எண்கள் நன்றாக இருக்கு தம்பி. ஒரு 300 கிலோமீட்டர் ஓடின பிறகு, சூடு ஆறினதும் கிளாம்ப் எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கோ, புது ஹோஸ் கொஞ்சம் அமுங்கியிருக்கும். கூலருக்குக் கீழே ஒரு அட்டையை விரித்து இரவு முழுக்க விடுங்கோ. காலையில் சிவப்புப் பொட்டு இல்லை என்றால் அகாவா பேக்குக் கிளம்பலாம்.