வட்டில் இடம் இருந்தும் கோப்பு எழுத முடியவில்லை: வழி கூறுங்கள்

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரு அல்சூரில் பிள்ளைகளுக்கு நாங்கள் நடத்தும் தமிழ் வகுப்பின் வருகைப் பதிவும் பாடங்களும் ஒரு சிறிய உபுண்டு சர்வரில் உள்ளன. 40 ஜிபி வட்டில் பாதி காலியாக இருப்பதாக ‘டிஎஃப்’ கட்டளை காட்டியும், நேற்று மாலையிலிருந்து எதைச் சேமித்தாலும் இடமில்லை என்றே பிழைச் செய்தி வருகிறது.

அழித்த லாக் கோப்பை ஏதேனும் புராசஸ் திறந்தே வைத்திருந்தால் டிஎஃப் கணக்கிலும் வட்டு நிரம்பியிருக்கும். ஆகவே காரணம் அதுவன்று. ஐநோடுகள்தாம் (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று வீதம் தேவைப்படும் பதிவிடங்கள்) முழுவதும் தீர்ந்திருக்கின்றன. இஎக்ஸ்டி4 என்னும் கோப்பு முறைமையின் வடிவமைப்பில் இயல்பாக 16,384 பைட்டுக்கு ஒன்று என்று அவை தொடக்கத்திலேயே நிர்ணயிக்கப்படுவதால், ஏறத்தாழ 26 லட்சம் கோப்புகளோடு எங்கள் வரம்பு முடிந்துவிடுகிறது. பயனரின் உள்நுழைவு விவரங்களைத் தற்காலிகமாக வைக்கும் பிஎச்பி செஷன் கோப்புகளின் கோப்புறையை நிரலுக்குள்ளேயே மாற்றியிருந்தோம். உபுண்டுவின் தானியங்கித் துப்புரவு அதைத் தொடவே இல்லை; பழைய செஷன் கோப்புகள் அங்கேயே குவிந்துவிட்டன. அந்தத் தவறு எங்களுடையது.

கோப்புகளை அழிக்கும் ‘ஆர்எம்’ கட்டளை, பட்டியல் மிக நீளம் என்று மறுக்கிறது. ‘ஃபைண்ட்’ கட்டளையின் ‘டிலீட்’ தெரிவைக் கொண்டு, ஆசிரியர்கள் கைப்பேசியில் வருகையைப் பதியும் நேரத்திலும் சர்வர் திணறாமல் அழிக்க இயலுமா? இனி இவ்வாறு சேராதிருக்க, குறித்த நேரத்தில் கட்டளைகளை இயக்கும் கிரான் வழியே அன்றாடம் துடைப்பது நல்லதா, பிஎச்பியின் சொந்தத் துப்புரவை இயக்குவது நல்லதா? சனிக்கிழமை வகுப்புக்குள் சரிசெய்ய வேண்டும். அனுபவமுள்ளவர்கள் அன்புகூர்ந்து விளக்குங்கள்.