பெரிய வீட்டுச் சொந்தங்க (வாட்ஸ்அப் குழு)

டிக்கோயா மாமா: அக்காவ கண்டி ஆஸ்பத்திரிக்கு மாத்திட்டாங்க. ஞாயித்துக்கெழம வேன் போகுது. யாரு யாரு வர்றீங்க?

பதுளை சித்தி: ஐயோ. காய்ச்சல்தானேன்னு நெனச்சேன்

டிக்கோயா மாமா: இதயத்துல கிருமியாம். வாயிலருந்து போயிருக்காம்

தலவாக்கலை அண்ணன்: ஈறு வீக்கத்துக்கு இதயமா? கராம்பு வச்சா சரியாயிருமே

சுமதி (நர்ஸ்): இல்லண்ணே, கராம்பு வலியத்தான் அடக்கும். ஈறு புண்ணாகி ரத்தம் வடிஞ்சா, சாப்புடும்போதும் பல்லு வெளக்கும்போதும்கூட கிருமி ரத்தத்துல ஏறுது. நமக்குன்னா ஒடம்பே அழிச்சிரும். பெரியம்மாவுக்குச் சின்ன வயசுல வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வு கெட்டுப்போச்சு. அந்தச் சொரசொரப்புல கிருமி ஒட்டிக் கூடு கட்டிருச்சு. ஒரு மாசமா விட்டு விட்டுக் காய்ச்சல், ராத்திரி வேர்வை, மெலிவு. எல்லாம் அதுதான்

தலவாக்கலை அண்ணன்: ம்

பதுளை சித்தி: அந்த வாதக் காய்ச்சலுக்கு மாசாமாசம் ஊசி போட்டாளே. கல்யாணத்தோட நிப்பாட்டுனது யாரு?

பெரியப்பா: கிளினிக் போன நாளு தோட்டத்துல பேரு இல்ல, சம்பளமும் இல்ல. நாலு புள்ளைய வச்சிக்கிட்டு என்ன செய்யச் சொல்ற

டிக்கோயா மாமா: விடுங்க மச்சான். வேன் காசு எல்லாரும் முன்னாடியே தரணும். போன தடவ மூணு பேரு தரல

தலவாக்கலை அண்ணன்: நான் தந்துட்டேன்

கொழும்பு அண்ணன்: அம்மா எப்ப வீட்டுக்கு வருவாங்க?

சுமதி (நர்ஸ்): ரத்தத்துலயே ஊசி மருந்து ஏத்தணும்ணே. 4லருந்து 6 வாரம் ஆகும். நடுவுல நிப்பாட்டவே கூடாது. ஞாயிறு பாக்கப் போறது பெருசில்ல, கூட நிக்க முறை வச்சு ஆளு வேணும். இனிமே பெரியம்மாவுக்குப் பல்லு புடுங்குறதுன்னா முதல்லயே இத சொல்லி மருந்து எடுத்துட்டுத்தான்

கொழும்பு அண்ணன்: லீவு கேட்டுப் பாக்குறேன்

பதுளை சித்தி: தீவாளிக்கும் இதத்தான் சொன்ன

டிக்கோயா மாமா: வெத்தலப் பொட்டி கொண்டாரச் சொன்னா அக்கா

சுமதி (நர்ஸ்): வேணாம் மாமா, கெஞ்சிக் கேக்குறேன். பாக்கும் புகையிலயும் ஈற இன்னும் அரிச்சிரும். ஒங்களுக்கும் ஈறு வீங்கித்தான் இருக்கு, சீனி வருத்தமும் இருக்கு. ஈறு கெட்டா சீனி அடங்காது, சீனி ஏறுனா ஈறு கெடும். ஞாயிறு ராத்திரி நீங்க பெரியப்பாவோட தங்குங்க, திங்கக் காலையில பேராதனை பல் ஆஸ்பத்திரியில காட்டிருவோம். நானும் வர்றேன்

டிக்கோயா மாமா: திங்க வேல இருக்கு

சுமதி (நர்ஸ்): மாமா

டிக்கோயா மாமா: சரி பாப்பம்

பெரியப்பா: வெத்தலப் பொட்டி வேணாம். கம்பளியும் வெந்தண்ணிப் போத்தலும் கொண்டாங்க. ராத்திரி குளுருதாம் அவளுக்கு

பதுளை சித்தி: நான் கொண்டாறேன் அத்தான். புதன் யாரு நிக்கிறது?

தலவாக்கலை அண்ணன்: வேன் எத்தன மணிக்கு?