அரணூர்தி: கவசம் பூண்ட படை வாகனங்களுக்கு ஒரு சொல்

அன்புடையீர், வணக்கம்.

அமெரிக்கப் படைகள் தமது பழைய ஹம்வி வாகனங்களுக்குப் பதிலாக ஜே.எல்.ரி.வி. (Joint Light Tactical Vehicle, சொல்லுக்குச் சொல் "கூட்டு இலகு தந்திரோபாய வாகனம்") என்ற புதிய வாகனத்தைக் கொண்டுவந்ததைப் பற்றிய கட்டுரையொன்றைச் சென்ற வாரம் தமிழாக்கிக் கொண்டிருந்தேன். ஒரே பந்தியில் மூன்று வகை வாகனங்கள் வந்தன. பிற்காலத்தில் இரும்புத் தகடு பொருத்தப்பட்ட ஹம்வி, கண்ணிவெடிக்கென்றே செய்யப்பட்ட மிகப் பாரமான எம்ராப், இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கும் புதிய வாகனம் ஆகிய மூன்றுக்கும் என் கையில் இருந்தது "கவச வாகனம்" என்ற ஒரே சொல். எழுதி முடித்துப் படித்தபோது, கவச வாகனம் போதாமையால் கவச வாகனமும், அதுவும் பொருந்தாமையால் கவச வாகனமும் வாங்கப்பட்டதாக அந்தப் பந்தி நின்றது. இந்தக் குறையைத் தீர்க்க "இலகு கவச ஊர்தி", "கவசக் காவி", "களவூர்தி" என்று நம் சொல்லாக்கக் கலந்துரையாடலில் நீங்கள் மூவர் முன்வைத்த சொற்களைப் படித்தபின் இதை எழுதுகிறேன்.

முதலில் பொருளைப் பார்ப்போம். ஹம்வி 1980களின் நடுப்பகுதியில் பழைய ஜீப்புக்கும் சிறிய ட்றக்குகளுக்கும் பதிலாகப் படையில் சேர்ந்தது. ஆட்களையும் பொருட்களையும் முன்னணிக்குப் பின்னால் ஏற்றி இறக்குவதே அதன் வேலை. குண்டடி படுவதற்கென அது செய்யப்படவில்லை. ஈராக்கில் 2003க்குப் பின் முன்னணி, பின்னணி என்ற வேறுபாடே இல்லாமற்போய், தெருவோரத்தில் புதைத்த வெடிகள் எங்கும் வெடித்தபோது அந்த வாகனத்தின் தட்டையான அடிப்பாகம் வெடியின் முழு வேகத்தையும் வாங்கிக்கொண்டது. 2004 டிசம்பரில் குவைத்தில் ஒரு படைவீரர் எழுந்து, தமது வாகனங்களுக்குப் பொருத்துவதற்காகக் குப்பைமேடுகளில் பழைய இரும்பைத் தோண்டியெடுக்க வேண்டியிருப்பது ஏன் என்று பாதுகாப்புச் செயலாளர் டொனால்ட் ரம்ஸ்பெல்டை நேரில் கேட்டார். பின்னர் தொழிற்சாலைத் தகடுகள் வந்தன. ஆனால் ஏறத்தாழ இரண்டரைத் தொன்னுக்கென வடிவமைத்த சட்டத்தின் மேல் மேலும் மேலும் பாரம் ஏற்றியதால் வேகம் குறைந்தது, சக்கரங்களைத் தாங்கும் வில்லமைப்புத் தேய்ந்தது, அடிப்பாகமோ தட்டையாகவே இருந்தது.

2007 முதல் பெருந்தொகையாக வாங்கப்பட்ட எம்ராப் வாகனங்கள் அடிப்பாகத்தை ஆப்பு வடிவில் அமைத்து, வெடியின் வீச்சை இரு பக்கமும் ஒதுக்கின. அவை உயிர்களைக் காத்தன. ஆனால் ஆப்கானிஸ்தானின் மலைப்பாதைகளுக்கு அவற்றின் பாரம் ஒத்துவரவில்லை. ஆகவே எம்ராப்பின் காப்பும் ஹம்வியின் ஓட்டமும் ஒன்றாக வேண்டும் என்ற தேவையில் பிறந்ததுதான் 2015 ஆகஸ்ட்டில் ஒஷ்கொஷ் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் கொடுக்கப்பட்ட ஜே.எல்.ரி.வி. வாகனம். அதற்கும் மேலதிகக் கவசத்தைப் பொருத்தலாம் என்பது உண்மை; ஆயினும் அந்தச் சுமை வரும் என்று எதிர்பார்த்தே சட்டமும் இயந்திரமும் வில்லமைப்பும் அமைந்தன. ஹம்வியில் காப்பு பின்னர் வந்து ஒட்டியது. இதில் காப்புத்தான் முதலில் வந்தது, வாகனம் அதைச் சுற்றி எழுந்தது. நாம் ஆக்கும் சொல் இந்த வேறுபாட்டைக் காட்ட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

"இலகு கவச ஊர்தி" அந்த வேறுபாட்டைக் காட்டவில்லை. மேலும் "இலகு" என்ற சொல்லைக் கேட்டவுடன் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு இலகுவான கணக்குத்தான் நினைவுக்கு வரும். ஜே.எல்.ரி.வி. வெறுமையாக நிற்கும்போதே 6 தொன்னுக்கு மேல், அதாவது அறுபது கிலோ நெல்மூட்டை நூறுக்கும் கூடுதலான பாரம். எம்ராப்போடு ஒப்பிட்டதால் ஆங்கிலத்தில் அதற்கு அந்தப் பெயர் பொருந்தியது. ஒப்பீட்டை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் நாம் எடுத்துக்கொண்டால் வாசிப்பவர் பிழையாக விளங்கிக்கொள்வார்.

"கவசக் காவி" நம் காதுக்குப் பழகிய ஓசையுடையது. துருப்புக்காவி, நோயாளர் காவு வண்டி என்று நாளாந்தம் சொல்லி வந்தவர்கள் நாம். ஆனால் துருப்புக்காவி என்பது படைவீரர் குழுவொன்றையே ஏற்றிச் செல்வது. இதில் நான்கு கதவு கொண்ட வகையிலும் நான்கைந்து பேருக்கு மேல் இருக்க முடியாது. காவுதலைப் பெயரில் வைத்தால் இரண்டும் குழம்பும். "கண்ணிவெடி தாங்கி" என்று இடையில் ஒருவர் சொன்னதையும் இதே காரணத்தால் ஏற்க இயலவில்லை; தாங்கி என்றால் எங்களுக்கு ஒன்று தண்ணீர்த் தாங்கி, மற்றது போர்க்களத்துத் தாங்கி.

"களவூர்தி" என்பதை ஆக்கியவரின் எண்ணம் மிகச் சரியானது. ஆங்கிலப் பெயரில் உள்ள, இங்கு அரச ஆவணங்களில் "தந்திரோபாய" என்று பெயர்க்கப்படும் சொல்லுக்கு இந்த இடத்தில் களத்தில் இயங்குவது என்பதற்கு மேல் பொருள் இல்லை. அதைக் கண்டு "களம்" என்று பெயர்த்தது நல்ல மொழிபெயர்ப்பாளரின் வேலை. ஆனால் சேர்த்து எழுதினால் அது களவு போன ஊர்தி ஆகிவிடுகிறது. பிரித்து எழுதினாலும் வாசிக்கும் குரல் சேர்த்தே வாசிக்கும்.

இந்த இடத்தில் நம் ஊர்ச் சொல்லொன்றை நினைவுபடுத்த வேண்டும். 1983 ஜூலை 23 அன்று யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு ஜீப்பும் ட்றக்கும் கண்ணிவெடித் தாக்குதலில் அகப்பட்டு 13 படையினர் உயிரிழந்ததும், அதைத் தொடர்ந்து தமிழருக்கு நாடெங்கும் நேர்ந்ததும் எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பின்னர் அந்தப் பத்தாண்டிலேயே கண்ணிவெடிக்கென்றே செய்யப்பட்ட தென்னாபிரிக்காவின் பஃபல் வாகனங்கள் இலங்கைப் படைக்கு வந்தன. ஆபிரிக்கான்ஸ் மொழியில் எருமை என்று பொருள்படும் அந்தப் பெயரை நம் மக்கள் "பவள்" ஆக்கினார்கள். எந்தக் குழுவும் கூடவில்லை, எவரும் வரைவிலக்கணம் எழுதவில்லை. ஆறு மாதத்தில் சந்தைக்குப் போகும் ஆச்சி வரை அந்தச் சொல் தெரிந்திருந்தது. எங்கள் ஒழுங்கையின் கிடுகு வேலிக்குப் பின்னால் நின்று நான் அதைப் பார்த்திருக்கிறேன். முதலில் நிலம் அதிரும். பிறகு வேலிக்கு மேலால் இரும்புத் தொப்பிகள் மட்டும் வரிசையாக நகரும். முதுகுக்கு முதுகு வைத்து வெளிப்புறம் பார்த்து அமர்ந்திருந்தவர்களின் முகங்கள் நேரே எங்கள் முற்றத்தைப் பார்க்கும். அந்த உயரத்துக்குக் காரணம் அடியில் இருந்த ஆப்பு வடிவம் என்பது பல ஆண்டுகளுக்குப் பின்னரே எனக்கு விளங்கியது. எம்ராப்புக்கும் ஜே.எல்.ரி.வி.க்கும் மூதாதை அந்த வகைதான்.

ஆயினும் "பவள்" என்பதைப் பொதுச்சொல்லாக்க நான் முன்மொழியவில்லை. அது ஒரு குறிப்பிட்ட வாகனத்தின் பெயர். அதைக் கேட்டால் எம்மில் பலருக்கு ஒரு காலமே திரும்பி வரும். பொதுப்பொருளுக்கு அந்தக் காலத்தைச் சுமக்காத சொல் வேண்டும்.

என் முன்மொழிவு "அரணூர்தி". அரண் என்றால் அசையாமல் நிற்கும் கோட்டையல்லவா, மணிநீரும் மண்ணும் மலையும் காடும் உடையதை அரண் என்று வள்ளுவரே சொல்லிவிட்டாரே, அது எப்படி ஓடும் என்று முந்தாநாள் தொலைபேசியில் ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு விடை பெரும்பாணாற்றுப்படையில் இருக்கிறது. அங்கே "அடிபுதை அரணம்" என்ற தொடர் காலடியை மறைத்துக் காக்கும் செருப்பைக் குறிக்கிறது. கால் நடக்கும்போது கூடவே நடக்கும் காவலையும், அதிலும் நிலத்திலிருந்து வரும் தீங்கைக் கீழே நின்று தடுக்கும் காவலையும், நம் முன்னோர் இந்த வேரிலிருந்து பிறந்த சொல்லால் அழைத்திருக்கிறார்கள். கண்ணிவெடியிலிருந்து காக்கும் வாகனத்துக்கு இதைவிட நெருக்கமான சொல்லை நான் காணவில்லை. பதிற்றுப்பத்தின் "மெய்ம்மறை"யையும் எண்ணிப் பார்த்தேன். அழகான சொல், ஆனால் அது உடலின் மேல் அணிவது. ஹம்விக்கு நேர்ந்தது அதுதான் என்பதால் அதை இங்கு விட்டுவிட்டேன்.

இதை ஏற்றால் மற்றவை தாமாக அமையும். தகடு பின்னர் பொருத்தப்பட்டது "கவசமிட்ட ஊர்தி". காப்பையே உடலாகக் கொண்டது "அரணூர்தி". அதில் எம்ராப் போன்ற பாரமான வகை "பேரரணூர்தி", ஜே.எல்.ரி.வி. போன்றது "சிற்றரணூர்தி", பேரரசு, சிற்றரசு என்று சொல்லிப் பழகிய நாவுக்கு இவை புதியவை அல்ல. ஜே.எல்.ரி.வி. என்ற பெயரையே ஒலிபெயர்த்து வைத்துக்கொண்டால் போதுமே என்பாருக்கு ஒன்று சொல்வேன். அதன் அடுத்த ஒப்பந்தம் 2023இல் ஒஷ்கொஷை விட்டு, ஹம்வியைச் செய்த ஏஎம் ஜெனரல் நிறுவனத்துக்கே போனது. 2025 மே மாதத்தில் அமெரிக்கத் தரைப்படை ஹம்வி, ஜே.எல்.ரி.வி. ஆகிய இரு வாகனங்களையும் மேற்கொண்டு வாங்குவதை நிறுத்துவதாக அறிவித்தது. மாதிரிகள் மாறிக்கொண்டே இருக்கும்; வகைக்குப் பெயர் வைத்தால்தான் அடுத்த கட்டுரைக்கும் உதவும்.

இன்னும் ஒன்று தீரவில்லை. ஆப்பு வடிவ அடிப்பாகத்துக்கு "ஏராவடி" என்று எழுதலாமா என்று எண்ணுகிறேன். வள்ளத்தின் அடியில் முதுகெலும்பாக ஓடும் கட்டையை ஏரா என்பர்; அதிலிருந்து இரு பக்கமும் பலகை மேலெழும் வடிவம் அப்படியே இந்த வாகனங்களின் அடியில் இருக்கிறது. ஆனால் கண்ணாடியிழை வள்ளங்கள் வந்தபின் அந்தச் சொல் கரையில் இன்னும் வழங்குகிறதா என்பதைக் கேட்டறிய வேண்டும். வல்வெட்டித்துறையிலோ மயிலிட்டியிலோ குருநகரிலோ மரவள்ளம் கட்டிய பெரியவர்களை அறிந்தவர்கள், அவர்கள் வாயால் அந்தக் கட்டைக்கு என்ன பெயர் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதினால் அதற்கேற்பத் திருத்திக்கொள்வேன்.