திடீர்ப் பணமும் இரண்டு சிறுவர்களும்: 'மில்லியன்ஸ்' படத்தை நம் பிள்ளைகளுக்குத் திரையிடலாமா?

வெண்ணாற்றங்கரை (கேள்வி)

நீடாமங்கலத்தை அடுத்த எங்கள் ஊர் நூலகத்தில், அரையாண்டு விடுமுறையின்போது நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு படம் திரையிட எண்ணியுள்ளோம். டேனி பாயில் இயக்கி 2004-இல் வெளிவந்த 'மில்லியன்ஸ்' என்ற ஆங்கிலப் படத்தை நண்பர் ஒருவர் பரிந்துரைத்தார். தாயை இழந்த இரண்டு சகோதரர்களில் இளையவன் இரயில் பாதையோரம் அட்டைப் பெட்டிகளால் கட்டிய விளையாட்டு வீட்டின்மேல் பணப்பை ஒன்று வந்து விழுகிறது. இங்கிலாந்து பவுண்டைக் கைவிட்டு யூரோவுக்கு மாறச் சில நாள்களே உள்ளன என்று கதை கற்பனை செய்துகொள்வதால், அதற்குள் செலவழிக்காவிட்டால் அந்தத் தாள்கள் வெறுங்காகிதமாகிவிடும். படம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் இளையவன் கண்ணுக்கு மட்டும் தெரியும் கிறித்தவப் புனிதர்களையும், நோட்டு மாறும் விவகாரத்தையும் நம் பிள்ளைகள் புரிந்துகொள்வார்களா? கிடைத்த பணத்தை வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் அவர்கள் மனத்தில் படிந்துவிடாதா?

அரிசிலாற்றங்கரை

புனிதர்களைப் பற்றிய கவலை தேவையற்றது என்றே கருதுகிறேன். வேளாங்கண்ணிக்கு நடந்து செல்வோருக்கு மோர் கொடுத்தும், நாகூர்க் கந்தூரிக்குப் போய்வந்தும் வளர்கிற பிள்ளைகளுக்கு, ஒரு சிறுவனிடம் புனிதர் பிரான்சிசும் நிக்கோலசும் வந்து பேசுவதில் வியப்பு ஏதும் இராது. இன்னும் சொன்னால், இந்தக் கதைக்கு மிக நெருங்கிய ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. பஞ்ச காலத்தில் அடியார்களுக்கு உணவளிக்கத் திருவீழிமிழலைக் கோயிலில் அப்பருக்கும் சிறுவரான சம்பந்தருக்கும் இறைவன் நாள்தோறும் ஒவ்வொரு படிக்காசு வைத்தார் என்பது பெரியபுராணம். அதிலும் நோட்டுச் சிக்கலைப் போன்ற ஒன்று உண்டு: உழவாரப் பணி செய்த அப்பரின் காசு அப்படியே செல்லுபடியாக, சம்பந்தரின் காசைக் கடைக்காரர்கள் வட்டம் பிடித்தே, அதாவது மதிப்பில் ஒரு பங்கைக் கழித்தே, வாங்கியதால் அவர் மடத்தில் சோறு ஆகத் தாமதமாயிற்று, பிறகு அவர் பதிகம் பாடி நல்ல காசு பெற்றார். படம் தொடங்குமுன் ஐந்து நிமிடம் இதைச் சொல்லிவிட்டால், கையில் காசிருந்தும் அது செல்லுமா என்ற பதற்றம் பிள்ளைகளுக்குத் தானாகவே விளங்கிவிடும்.

நோட்டு மாற்றத்தைப் பெரியவர்களிடம் விளக்கவே வேண்டாம். 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவையானபோது நம் வட்டாரத்தில் சம்பா நடவுச் செலவு நடந்துகொண்டிருந்தது; அடுத்த சில நாள்களிலேயே மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகளும் பழைய தாள்களை வாங்கக் கூடாதென்று ரிசர்வ் வங்கி அறிவித்ததால், கடன் சங்கத்தையே நம்பியிருந்த சிறு விவசாயிகள் பட்ட பாட்டை வீட்டில் கேட்டால் பாட்டிமார் சொல்வார்கள். இப்போது நான்காம் வகுப்பில் இருப்பவர்களுக்கு அது கதைதான் என்பதால், முதல் நாளே வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கள்.

கோட்டகம்

முந்தைய மறுமொழியில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் கேட்டவரின் மூன்றாவது ஐயத்தை அவர் தொடவே இல்லை. அதுதான் இந்தப் படத்தின் உயிர்நிலை. அந்தப் பணம் யாருடையது? எரித்து அழிப்பதற்காக இரயிலில் கொண்டுசெல்லப்பட்ட பழைய தாள்களைத் திருடர்கள் கொள்ளையிட்டு வழியில் வீசியவற்றுள் ஒரு பை அது. எப்படியும் சாம்பலாகப் போகிற தாளை எடுத்தால் யாருக்கு நட்டம் என்று மூத்தவன் நினைப்பதில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. வீடு வாங்கி முதலீடு செய்யலாமென்று அவன் கணக்குப் போட, இளையவனோ இது கடவுள் தந்தது என்று நம்பி ஏழைகளைத் தேடித்தேடிக் கொடுக்கிறான். ஆனால் அவன் அண்டைவீட்டாருக்குக் கொடுத்த பணம் சமையலறைச் சாமான்களாக மாறிவிடுகிறது! கொடுப்பதும் எளிதன்று என்பதை உபதேசமின்றி இப்படிச் சிரிக்கச் சிரிக்கக் காட்டியதற்காகவே எனக்கு இந்தப் படத்தைப் பிடிக்கும்.

நம் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி புதிதன்று. 2023-இல் சீர்காழிச் சட்டைநாதர் கோயிலில் மண் தோண்டியபோது ஐம்பொன் சிலைகளும் தேவாரச் செப்பேடுகளும் வெளிப்பட்ட செய்தியை அறிந்தவர்கள் அவர்கள் வீட்டிலேயே இருப்பார்கள். மண்ணில் கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுச் சட்டம். பாதையோரம் விழுந்த பணப்பை புதையலாகாது. உரியவர் இருக்கிறார் என்பது அங்கே இன்னும் வெளிப்படை. படம் முடிந்தபின் இதைத் தீர்ப்பாகச் சொல்லாமல், மூத்தவன் பக்கம் ஓர் அணி, இளையவன் பக்கம் ஓர் அணி என்று வாதாட விடுங்கள்.

எனக்குக் குறையாகப் படுவது முடிவுதான். ஆப்பிரிக்காவுக்குக் கிணறு வெட்டப் போகும் அந்தக் கற்பனைக் காட்சி அழகாக இருந்தாலும், வறுமை எங்கோ தொலைவில்தான் இருக்கிறது என்ற எண்ணத்தைத் தந்துவிடுகிறது. ஆழ்துளைக் கிணற்றில் உப்புநீர் ஏறிவிட்ட கடலோரச் சிற்றூர்களின் பிள்ளைகள் அதை எப்படிப் பார்ப்பார்கள்?

வெண்ணாற்றங்கரை

இருவருக்கும் நன்றி. அணி பிரித்து வாதாட விடும் யோசனையை எடுத்துக்கொள்கிறேன். சிறு பிள்ளைகள் பார்க்கக் கூடாத காட்சி ஏதேனும் உண்டா?

அரிசிலாற்றங்கரை

பெரிதாக ஏதுமில்லை. கணினியில் பெண்கள் உள்ளாடை விளம்பரத்தைச் சகோதரர்கள் பார்க்கும் சிறு காட்சியைத் தாண்டிவிடலாம். பணத்தைத் தேடிவரும் திருடன் வரும் இடங்கள் கொஞ்சம் அச்சமூட்டுபவை. விளக்கை முற்றிலும் அணைக்காமல் திரையிட்டால் போதும். இறந்த தாய் மகனிடம் வந்து பேசும் காட்சி முடிவை ஒட்டி வருகிறது. அண்மையில் பெற்றோரை இழந்த குழந்தை யாரேனும் கூட்டத்தில் இருந்தால், வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. உரையாடல் விரைவானது என்பதால் ஆங்கில எழுத்துவரிகளை நம்ப வேண்டாம். ஒருவர் ஒலிவாங்கியுடன் அமர்ந்து, ஒவ்வொரு காட்சிக்கும் ஓரிரு வரிகளில் தமிழில் சொல்லிக்கொண்டு வரட்டும்.