அம்பாசடர் மார்க் 4 பெட்ரோல்: சூடா இருந்தா ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது, சார்ஜிங்கும் சரியில்ல, உதவி பண்ணுங்க

செட்டிநாட்டு_அம்பி:
எல்லாருக்கும் வணக்கம். வண்டி 1986 அம்பாசடர் மார்க் 4, பெட்ரோல், அந்தப் பழைய 1489 சிசி இன்ஜின்தான், சோலெக்ஸ் கார்பரேட்டர், மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பு, பேட்டரிய சார்ஜ் பண்றதுக்கு டைனமோ கெடையாது, ஆல்டர்னேட்டர்தான். அப்பா ஓட்டின வண்டி, விக்க மனசு வரல. காலைல சோக்கை இழுத்துட்டு சாவியத் திருப்புனா ஒரே அடில பிடிச்சுக்கும், ஓட்டும்போதும் ஒரு குறையும் இல்ல, ஆனா காரைக்குடிலேர்ந்து திருச்சி போற வழில புதுக்கோட்டைல டீ குடிக்க நிறுத்திட்டு பத்து பதினஞ்சு நிமிஷம் கழிச்சு வந்து சாவி போட்டா செல்ஃப் இழுத்து இழுத்து முக்கி முக்கி சுத்துது, சில நேரம் ஓரளவு சுத்தினாலும் பிடிக்காது, பெட்ரோல் வாசனை மட்டும் குப்புனு அடிக்கும். பானெட்டைத் திறந்து வெச்சுட்டு முக்கா மணி நேரம் உக்காந்தா அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும்.

இன்னொண்ணு, ஹெட்லைட் போட்டா டேஷ்போர்டுல சார்ஜிங் லைட் லேசா செவப்பா தெரியுது, பகல்ல தெரியாது ராத்திரிதான் தெரியும், ரேஸ் பண்ணாலும் முழுசா அணையல. நைட்டு ஓட்டிட்டு வந்து சார்ஜர்ல போடலன்னா மறுநாள் காலைல அதே முக்கல்தான்.

பேட்டரி புதுசு, காயில் புதுசு, பிளக்கு கண்டென்சர் எல்லாம் மாத்தியாச்சு. கொஞ்ச நாள் முன்னாடி ஒரு ஒர்க்‌ஷாப்ல கிளட்ச் பிளேட் மாத்தினேன், அப்பவே கார்பரேட்டரையும் கழட்டிக் கழுவி மாட்டுனாங்க. இப்ப ஒருத்தர் ஆல்டர்னேட்டர் போச்சுங்கறாரு, இன்னொருத்தர் செல்ஃப் மோட்டார் போச்சுங்கறாரு. ரெண்டையும் மாத்தற அளவுக்குக் கையில காசு இல்ல, எதை முதல்ல பாக்கறது?

மதுரை_வீல்:
ப்ரோ நேரா எலக்ட்ரிக் பெட்ரோல் பம்பு மாட்டுங்க, இது வேப்பர் லாக் (சூட்டுல பெட்ரோல் பைப்புக்குள்ள ஆவியாகி அடைச்சுக்கறது), அம்பாசடர்ல வெயில் காலத்துல எல்லாருக்கும் வர்றதுதான். ஆல்டர்னேட்டரையும் மாருதியோடத போட்டுருங்க, பிரச்சனை முடிஞ்சுது.

பழைய_இரும்பு:
மதுரைத் தம்பி கொஞ்சம் பொறுங்க. நான் கோயமுத்தூர்ல ஆட்டோ எலக்ட்ரீசியனா இருந்தவன், இப்ப கடைய மூடிட்டேன், கை அரிப்புக்கு இங்க எழுதிட்டு இருக்கறேன். பெட்ரோல் பம்பை மாத்தினா செல்ஃப் எப்படிங்க வேகமா சுத்தும்?

காரைக்குடித் தம்பி, நீங்க எழுதுனதுல ரெண்டு வியாதி கலந்து கெடக்குது. செல்ஃப் முக்கறது ஒண்ணு, செல்ஃப் சுத்தியும் பிடிக்காதது இன்னொண்ணு. முதல்ல முக்கறதப் பாப்போம். கிளட்ச் மாத்தினேன்னு சொன்னீங்கல்ல, எனக்கு அங்கதான் சந்தேகம். கிளட்ச்சுக்கு கியர்பாக்ஸை எறக்கோணும், எறக்கறப்ப எர்த்து பட்டையக் கழட்டுவாங்க. அம்பாசடர் இன்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல உக்காந்துருக்குது, ரப்பர் வழியா கரண்ட் போகாது. பேட்டரி நெகட்டிவ் பாடிக்குத்தான் வருது, பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவுல செம்புக் கம்பி பின்னுன அந்தப் பட்டை இருந்தாத்தான் சர்க்கியூட் முழுசாகும். அதை மாட்ட மறந்தாங்கன்னு வைங்க, இல்ல துருவு பெயிண்ட்டு மேலயே வெச்சு முறுக்கிட்டாங்கன்னு வைங்க, செல்ஃப் கேக்கற நூத்துக்கணக்கான ஆம்ப் கரண்ட் வேற வழி தேடும். என்ன வழின்னா சோக் கேபிள், ஆக்சிலேட்டர் ராடு, ஸ்பீடோமீட்டர் கேபிள், இதுக வழியாத்தான்.

அதனால ஒரு வேலை செய்ங்க, காசில்லாத டெஸ்ட்டு. வண்டி முக்கற நேரத்துல ஒருத்தரை சாவி திருப்பச் சொல்லிட்டு, அடிச்சு முடிச்ச உடனே சோக் கேபிளைத் தொட்டுப் பாருங்க. பாத்து தொடுங்க, சில வண்டில கை சுடும், மேல இருக்கற பிளாஸ்டிக் உருகிப் போனதைக்கூட பாத்திருக்கறேன்.

அப்புறம் ஒரு மல்டிமீட்டர் வாங்கிக்குங்க, சாதாரணமானது போதும், டிசி 20 வோல்ட்டுல வெச்சு இதையெல்லாம் பாத்து எழுதுங்க: செல்ஃப் அடிக்கறப்ப பேட்டரி ரெண்டு முனையிலயும் எவ்வளவு, அதே நேரத்துல பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவுல எவ்வளவு. பொறகு வண்டிய ஓடவிட்டு, ஹெட்லைட்டப் போட்டு, கொஞ்சம் ரேஸ்ல வெச்சு, ஆல்டர்னேட்டரோட பெரிய ஸ்டட்டுக்கும் (கரண்ட் வெளிய வர்ற மரை போட்ட முனை) அதோட பாடிக்கும் எவ்வளவு, பேட்டரில எவ்வளவு. ஃபேன்ல சட்டை கிட்டை மாட்டாமப் பாத்துக்குங்க.

செட்டிநாட்டு_அம்பி:
அண்ணே நீங்க சொன்னது அப்படியே இருக்கு, சோக் கேபிள் நல்லா சுடுது!! கையை வெச்சு எடுத்துட்டேன். மீட்டர் கணக்கு: செல்ஃப் அடிக்கறப்ப பேட்டரில 10.4, பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் 1.8. ஓடும்போது ஹெட்லைட்டோட ஆல்டர்னேட்டர்ல 14.2, பேட்டரில 12.6. இது நல்லதா கெட்டதா?

பழைய_இரும்பு:
உங்க பர்சுக்கு நல்லதுங்க. ஆல்டர்னேட்டரும் போகல, பேட்டரியும் போகல.

அடிக்கறப்ப பேட்டரி 10.4ல நிக்குதுன்னா பேட்டரி திடமா இருக்குது, 9.6க்குக் கீழ போனாத்தான் சந்தேகப்படோணும். ஆனா நெகட்டிவுக்கும் பிளாக்குக்கும் நடுவுல 0.2, மிஞ்சிப் போனா 0.3 வோல்ட்டுக்கு மேல காட்டவே கூடாது. உங்களுக்கு 1.8. அத்தனையும் செல்ஃபுக்குப் போக வேண்டிய வோல்ட்டு, வழில சோக் கேபிளைக் காய வெச்சுட்டு இருக்குது. சூடானப்ப மட்டும் ஏன் முக்குதுன்னா, செல்ஃபுக்குள்ள இருக்கற செம்புச் சுருள் சூடாக சூடாக ரெசிஸ்டன்ஸ் ஏறும், பத்து டிகிரிக்கு கிட்டத்தட்ட நாலு சதவீதம். காலைல தட்டுத் தடுமாறி சமாளிச்ச செல்ஃப் மத்தியானம் கை விரிச்சுடுது. காலைல நீங்க சார்ஜர்ல வேற போட்டு எடுக்கறீங்க, அதனால வியாதி மறைஞ்சு கெடக்குது.

அடுத்து சார்ஜிங். ஆல்டர்னேட்டர் தன் வாசல்ல 14.2 குடுக்குது, அதுக்குள்ள வோல்ட்டைக் கட்டுப்படுத்தற ரெகுலேட்டர் அதைத்தான் பாக்கும், சரியா இருக்குன்னு நெனச்சுக்கும். பேட்டரிக்கு வர்றதுக்குள்ள 1.6 வோல்ட் தொலையுது. முழுசா சார்ஜ் ஆன பேட்டரி சும்மா நின்னாலே 12.6 காட்டும், அப்ப ராத்திரில உங்க பேட்டரிக்குள்ள ஒண்ணும் ஏறல. 1.6ல எர்த்து பக்கம் எவ்வளவு பாசிட்டிவ் பக்கம் எவ்வளவுன்னு பிரிச்சுப் பாருங்க, ஆல்டர்னேட்டர் பாடிலேர்ந்து பேட்டரி நெகட்டிவுக்கு ஒரு தடவ, ஸ்டட்டுலேர்ந்து பேட்டரி பாசிட்டிவுக்கு ஒரு தடவ. பாசிட்டிவ் பக்கமும் எங்கியோ இழுக்குதுன்னு எனக்குத் தோணுது, காரணம் அந்த லைட்டு. லைட்டோட ஒரு முனை சாவி வழியா பேட்டரிக்கும் இன்னொரு முனை ஆல்டர்னேட்டருக்கும் போகுது. ரெண்டு பக்கமும் ஒரே வோல்ட்டுன்னா அணைஞ்சு கெடக்கும். வித்தியாசம் இருந்தாத்தான் லேசா மினுக்கும். எர்த்து கெட்டா மட்டும் அது மினுக்காது.

மதுரை_வீல்:
அப்ப அந்த ரெகுலேட்டர்ல கொஞ்சம் வோல்ட்டை ஏத்தி விட்டா பேட்டரிக்கு 14 வந்துரும்ல அண்ணே? டையோடு ஒண்ணு போட்டு ஏத்தறாங்க, வீடியோல பாத்தேன்.

பழைய_இரும்பு:
ஓட்டைக் குடத்துக்கு ரெண்டு கை தண்ணி சேத்து ஊத்தற வேலைங்க அது. என்னைக்காவது எர்த்து தற்செயலா நல்லா ஒட்டுச்சுன்னா பேட்டரிக்கு 15க்கு மேல போயி ஆசிட் கொதிக்கும், பல்பு பூராவும் போயிரும். வேண்டாம்.

யாழ்_கேம்பிரிட்ஜ்:
வணக்கம் தம்பிமார். நான் யாழ்ப்பாணம், என்னட்ட ஒஸ்ரின் ஏ55 கேம்பிரிட்ஜ் ஒண்டு நிக்குது. உங்கட அம்பாசடரும் இதுவும் ஒரே எஞ்சின் தான், பிஎம்சி பி சீரிஸ் 1489. எர்த் விசயம் கோவை அண்ணை சொன்னது சரி. ஆனா தம்பி, பெற்றோல் மணம் வாறது எண்டு எழுதினியள், அது வேற கதை, எர்த் கட்டினாலும் அது போகாது.

இந்த எஞ்சின்ல காபரேற்றரும் சைலன்சர் மேனிஃபோல்டும் ஒரே பக்கம், ஒண்டுக்கு மேல ஒண்டு. ஓடேக்க காத்து அடிக்கும், புதுப் பெற்றோல் வந்துகொண்டிருக்கும், காபரேற்றர் குளிர்ச்சியா இருக்கும். நிப்பாட்டின உடன ஃபேனும் நிண்டிடும், கீழ கிடக்கிற இரும்பின்ட சூடு முழுக்க மேல ஏறும். பத்து நிமிசத்தில மிதவைக் கிண்ணத்துக்குள்ள பெற்றோல் கொதிச்சு எஞ்சினுக்குள்ள வழியும். இது வேப்பர் லாக் இல்லை. வேப்பர் லாக் எண்டா பைப்புக்குள்ள ஆவி நிண்டு பெற்றோல் வராது, மணமும் வராது. இது எதிர்மாறு, பெற்றோல் கூடிப்போச்சு. அதால தான் முக்கால் மணித்தியாலத்தில காய்ஞ்சு ஸ்டார்ட் வருது.

உடனடிக்கு ஒண்டு சொல்லுறன்: சோக்கைத் தொடாதேங்கோ, ஆக்சிலேற்றரை பம்ப் பண்ணாதேங்கோ, பம்ப் பண்ணினா இன்னும் பெற்றோல் ஊத்தும். பெடலை அடி மட்டும் மெதுவா அமத்திப் பிடிச்சுக்கொண்டு செல்ஃப் அடியுங்கோ. காத்து நிறையப் போய்க் கழுவி விடும். பிடிச்ச உடன காலை எடுங்கோ.

எங்கட ஆக்களுக்கு இந்தக் காரோட பழக்கம் வேற மாதிரி. தொண்ணூறுகளில பொருளாதாரத் தடை, பெற்றோல் கண்ணால காணேலாது, இந்தக் கார் எல்லாம் மண்ணெண்ணெயில தான் ஓடினது. காபரேற்றருக்குள்ள கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் எடுத்து, எஞ்சின் சூடானாப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்திறது. அப்ப சூட்டில ஸ்டார்ட் எடுக்கிறது சுகம், குளிரில தான் பாடு. உங்களுக்குத் தலைகீழ்.

செட்டிநாட்டு_அம்பி:
அண்ணே ரெண்டு பேருக்கும் கோடி நன்றி. முதல்ல பிரிச்சு அளந்தது: எர்த்து பக்கம் 1.1, பாசிட்டிவ் பக்கம் 0.5, கூட்டினா சரியா அந்த 1.6. வண்டிக்கு அடில படுத்துப் பாத்தா கியர்பாக்ஸ் பக்கம் பட்டையவே காணோம், போல்ட் ஓட்டை மட்டும் காலியா இருக்கு. ஒரு கேள்வி, மாருதி மாதிரி அலுமினியத் தலை இல்ல, இது முழுக்க இரும்பு இன்ஜின், அதனாலதான் சூடு இவ்வளவு நேரம் நிக்குதா? இப்ப வர்ற எத்தனால் பெட்ரோலாலயும் இந்தப் பிரச்சனை வருமா? முன்னாடி இதே வண்டில அப்பா கொடைக்கானல் வரைக்கும் போயிருக்காரு, இப்படி ஆனதே இல்ல.

யாழ்_கேம்பிரிட்ஜ்:
இரும்பு எஞ்சின் சூட்டைக் கனநேரம் பிடிச்சு வச்சிருக்கும், அது உண்மை. ஆனா அப்பாவின்ட காலத்திலயும் அதே இரும்பு தானே. எத்தனோல் கலந்தா பெற்றோல் குறைஞ்ச சூட்டிலயே ஆவியாகத் தொடங்கும், அதாலயும் கொஞ்சம் கூடும். என்ட சந்தேகம் வேற: காபரேற்றருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில கறுப்பா தடிப்பா ஒரு பேக்கலைட் கட்டை இருக்க வேணும், சூடு மேல ஏறாம தடுக்கிறதுக்கு. கழட்டிப் பூட்டினவை அதைத் திரும்ப வச்சவையோ எண்டு பாருங்கோ.

பழைய_இரும்பு:
எத்தனால் பத்தி ஒண்ணு சேத்துக்கறேன். இப்ப பங்க்குல வர்றது 20 சதவீதம் கலந்தது, பழைய ரப்பர் ஹோஸு, பம்பு டயாபிரம் எல்லாத்தையும் ஊற வெச்சு உரிச்சுடும். சூடான மேனிஃபோல்டுக்குப் பக்கத்துல பெட்ரோல் கசிஞ்சா வண்டியே போயிரும், அதனால ஹோஸை மொதல்ல மாத்திப்போடுங்க. காயிலும் பாத்துக்குங்க, கழட்டி ஓம்ல வெச்சா 3 ஓம் கிட்ட காட்டோணும். 1.5 காட்டுச்சுன்னா அது தனியா ரெசிஸ்டர் வெச்சு ஓட்டற காயிலு, நேரா 12 வோல்ட் குடுத்தா கொதிச்சு, டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள காயில் கரண்டை விட்டு விட்டு வெட்டற பாயிண்ட்டையும் எரிச்சுடும்.

செட்டிநாட்டு_அம்பி:
அப்டேட். காயில் 3.1, அதுல பிரச்சனை இல்ல. எர்த்துக்கு 25 ஸ்கொயர் எம்எம் வெல்டிங் கேபிள் வாங்கி ரெண்டு பக்கமும் லக்கு (போல்ட்ல மாட்டற வளையம்) அமுக்கி, உப்புத்தாள் போட்டு இரும்பு பளபளன்னு வர்ற வரைக்கும் தேச்சு மாட்டினேன். பாசிட்டிவ் பக்கம் ஆல்டர்னேட்டர் ஸ்டட்டுல லக்கு பச்சை பூத்துப் போயிருந்துச்சு, வெட்டிட்டு புதுசா போட்டாச்சு. இப்ப ஹெட்லைட்டோட பேட்டரில 13.9, லைட்டு சுத்தமா அணைஞ்சிருச்சு. செல்ஃப் சூட்டுலயும் சர்ருன்னு சுத்துது, நெகட்டிவுக்கும் பிளாக்குக்கும் 0.15தான்.

கார்பரேட்டர் கழட்டினா யாழ் அண்ணன் சொன்ன கட்டை இல்லவே இல்ல, பேப்பர் கேஸ்கட் மட்டும் ரெண்டு வெச்சு ஒட்டிருக்காங்க. கட்டைக்கு அலைஞ்சிட்டிருக்கேன், அது வர்ற வரைக்கும் பெடலை அடி வரைக்கும் மிதிச்சு அடிக்கறேன், பிடிக்குது, ஆனா பின்னாடி கருப்புப் புகை ஒரு மேகம் வருது, டீக்கடைல எல்லாரும் திட்டறாங்க.

மதுரை_வீல்:
கட்டை மதுரைல பழைய பார்ட்ஸ் கடைல கேட்டுப் பாக்கறேன் ப்ரோ, சோலெக்ஸுக்கு ரெண்டு ஸ்டட்டா நாலு ஸ்டட்டா? ஓட்டைக்கு ஓட்டை அளவு எடுத்து போட்டோ போடுங்க. கிடைக்கலன்னா ஹைலம் ஷீட்டுல (பேக்கலைட் மாதிரி பலகை) லேத்துக்காரர்கிட்ட சொல்லி வெட்டிக்கலாம்.

பழைய_இரும்பு:
வெட்டறதா இருந்தா பழசோட தடிமனைக் கேட்டு அதே அளவுல வெட்டச் சொல்லுங்க, ஏத்தி வெட்டினா ஏர் கிளீனர் பானெட்டுல இடிக்கும், ஸ்டட்டு நீளமும் பத்தாது. ரெண்டு பக்கமும் மேடு பள்ளம் இல்லாம கண்ணாடி மேல உப்புத்தாள் வெச்சு தேச்சுக்குங்க, இல்லாட்டி காத்து இழுத்து ஐடில் நிக்காது. மாட்டுனதுக்கப்புறம் ஃப்ளோட் லெவலையும் (மிதவைக் கிண்ணத்துல பெட்ரோல் நிக்கற மட்டம்) ஒரு தடவை பாத்துருங்க.