பழைய பெட்டியில் வந்த கிபிர்: மொடல் கட்டியவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

கொக்குவிலில் இருந்து

லண்டனில் இருக்கிற சித்தப்பா வீடு மாறும்போது, பரணில் கிடந்த பிளாஸ்ரிக் மொடல் பெட்டிகளை எல்லாம் ஒன்றாகக் கட்டிக் கப்பலில் எனக்கு அனுப்பிவிட்டார். ஸ்பிற்பயர், ஹண்டர், ஒரு பன்ரம் என்று பழைய சண்டை விமானங்கள் எல்லாம் இருந்தன. அடியில், மூலையை இராமபாணப் பூச்சி அரித்த பெட்டி ஒன்றில் கிபிர் சி-2. 1/72 அளவு, அதாவது நிஜ விமானத்தின் 72இல் ஒரு பங்கு. மற்றவை பிறகு, இது முதலில் என்று எடுத்துவிட்டேன். 95 யாழ்ப்பாண இடப்பெயர்வோடு வன்னிக்குப் போய் அங்கே வளர்ந்தவன் நான். ஏன் என்று உங்களில் பலருக்கு விளக்கத் தேவையில்லை.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். கிபிர் எங்கள் மேல் குண்டு போட்ட ஜெட் விமானம். அடிப்படையில் பிரெஞ்சு மிராஜ் 5 என்கிற சண்டை விமானம்தான். இஸ்ரேல்காரர் அந்த உடம்புக்குள் அமெரிக்க ஜே-79 இயந்திரத்தைத் திணித்து 1975இல் வெளியே காட்டினார்கள். பன்ரம் விமானத்தில் இருக்கிற அதே இயந்திரம்தான். இலங்கை விமானப்படைக்கு வந்தது 1996இல். இயந்திரம் மாறியதால் உடம்பும் மாறியது. ஜே-79க்குக் காற்றும் கூடத் தேவை, சூடும் கூட. அதனால் பக்கத்துக் காற்று வாய்கள் அகலமாயின, பின் உடம்பு கட்டையாகிப் பருத்தது, வால் செட்டையின் அடியில் குளிர்காற்று இழுக்க ஒரு சின்ன வாய் முளைத்தது. சி-2இல் காற்று வாய்களுக்கு மேலே இரண்டு சிறு முன்செட்டைகளும் சேர்ந்தன. படித்துத் தெரிந்த விஷயம்தான். ஆனால் பின் உடம்பின் இரண்டு பாதிகளையும் பொருத்தி, அந்தச் சின்ன வாயை வாலடியில் ஒட்டும்போது, இது ஏன் இங்கே இருக்கிறது என்று கைக்கே விளங்குகிறது. நிஜ விமானம் 15.65 மீற்றர் நீளம். என் மேசையில் கிட்டத்தட்ட 22 சென்ரிமீற்றர்.

பழைய பெட்டி என்றால் சில வேலைகள் கட்டாயம். முதலில் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் எல்லாத் துண்டையும் ஊறவைத்துக் கழுவ வேண்டும். அச்சில் இருந்து கழற்றப் பூசிய எண்ணெய் இத்தனை வருடத்துக்குப் பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கும், அதன் மேல் பெயின்ற் பிடிக்காது. சட்டத்தில் இருந்து துண்டுகளை வெட்ட நகவெட்டி போதும். பெட்டியோடு வந்த பசை ரியூப் கல்லாகிவிட்டது. இந்தப் பிளாஸ்ரிக் பொலிஸ்ரைரீன் என்பதால், வாகனத்துக்கு ஸ்பிறே அடிக்கிற கராஜில் வாங்கிய லக்கர் தின்னரே வேலை செய்கிறது. இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்து, மெல்லிய தூரிகையால் இடுக்கில் தொட்டால் தானாக உள்ளே ஓடி, இரண்டு பக்கத்தையும் இளக்கி ஒன்றாக்கிவிடும். கூட விட்டால் துண்டே உருகும். கதவு பூட்டின அறைக்குள் இருந்து செய்யாதீர்கள். நான் விறாந்தையில்தான் செய்தேன்.

செட்டையும் உடம்பும் சேரும் இடத்தில் விரல் நகம் போகிற அளவு இடைவெளி. அதே கராஜில் கிடைக்கிற, வாகனத்தின் பள்ளம் நிரப்புகிற ஸ்பொட் பட்டியைத்தான் பூசினேன். அது காயும்போது சுருங்கும், ஆகவே மெல்லிசாகப் பூசி, ஒரு நாள் விட்டு, மேலே இன்னொரு பூச்சு. பிறகு தண்ணீர் தொட்டு நீர்த்தாளால் (ஈரத்தில் தேய்க்கிற உப்புத்தாள்) தேய்க்க வேண்டும். பழைய மொடல்களில் தகட்டுக் கோடுகள் மேலே புடைத்து நிற்கும், தேய்க்கும்போது போய்விடும். ஊசியால் திரும்பக் கீறினேன். கழுத்து நோகிற வேலை. எல்லோரும் இதைச் செய்யத்தான் வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

சரி, நான் எழுத வந்த விஷயம் வேறு. மொடல் கட்டுகிறவர்கள் வழமையாக மேல்பக்கத்துக்குத்தான் உயிரைக் கொடுப்பார்கள். பெட்டிப் படமும் அப்படித்தான், நிறக் குறிப்பும் அப்படித்தான்: மணல் நிறம், மண்ணிறம், பச்சை என்று மூன்று நிறமும் மேலே. அடிப்பக்கம் முழுக்க வெளிர் நீலம், ஒரு வரியில் முடிந்துவிடும். எனக்கோ கிபிரின் மேல்பக்கம் எப்படி இருக்கும் என்றே தெரியாது. பங்கர் வாசலில் இருந்து பார்த்தது எல்லாம் அடிப்பக்கம். எண்ணெய்த் தாங்கி எத்தனை, குண்டு தொங்குகிறதா, போட்டுவிட்டுத் திரும்புகிறதா என்று பார்க்கப் பழகின கண்கள். அதனால் என் நேரமெல்லாம் வயிற்றுப்பக்கத்தில்தான் போனது. தாங்கிகளின் கொழுக்கிகள், இயந்திரத்துக்குக் கீழே எண்ணெய் கசிந்து பின்னோக்கி இழுபட்ட கறை, வால் முனையில் சூடு பட்டுக் கறுத்த உலோகம் எல்லாவற்றையும் அங்கே வைத்தேன். மேல்பக்கத்தை நிறக் குறிப்பில் இருந்தபடி அடித்துவிட்டேன். சுமார்தான்.

இன்னொன்று, சக்கரம் விரித்து நிற்கிற கிபிரை நான் கண்டதே இல்லை. அதனால் சக்கரங்களை விட்டுவிட்டு, சக்கரம் உள்ளே போகிற இடத்துக் கதவுகளை மூடிக் கட்டினேன். திறந்து வைப்பதற்கென்றே செய்த கதவுகள் மூடினால் பொருந்தாது. ஓரத்தை அராவி, உள்ளே பிளாஸ்ரிக் கீலம் ஒட்டி, மேலே பட்டி பூசித்தான் மட்டமாக்கினேன். வயிற்றில் ஓட்டை போட்டுச் சைக்கிள் கம்பி ஒன்றைச் செருகி, ஒரு பனஞ்சிலாகைத் துண்டில் நிறுத்தியிருக்கிறேன்.

பெயின்ற் விஷயத்தில் ஒரு சொல். ஸ்ரான்லி வீதிக் கடைகளில் வாங்குகிற எனாமல் சின்ன மொடலுக்குத் தடிப்பு. நைலோன் துணியில் வடித்து, ரேப்பன்ரைன் கலந்து, மெல்லிய பூச்சுகளாக அடித்தால் சரிவரும். லக்கரின் மேல் எனாமல் அடிக்கலாம், எனாமலின் மேல் லக்கர் அடித்தால் தோல் சுருங்கிவிடும். சோளகம் வீசுகிற மாதங்களில் ஈரப் பெயின்றை வெளியே வைத்தால் ஒழுங்கைப் புழுதி முழுக்க அதில்தான். விடியக் காற்று எழும்ப முதல் அடித்து, ஐஸ்கிறீம் பெட்டியால் மூடிவிடுவேன்.

அம்மா பார்த்தா. விருந்தாளிகள் இருக்கிற அறை அலுமாரியில் மட்டும் வைக்காதே, வாற சனம் என்ன நினைக்கும் என்றா. இப்போது கொம்பியூட்டர் மேசையில் நிற்கிறது, படம் இணைத்திருக்கிறேன்.

நல்லூரில் இருந்து

தம்பி, வன்னிக்குப் போன உங்களுக்குக் கிபிர். 95 வரை இங்கே இருந்த எங்களுக்குச் சியாமாசெட்டி. அது ஜெட்டே இல்லை, இத்தாலிக்காரர் செய்த சின்னப் பயிற்சி விமானம். மூக்கில் விசிறி, செட்டை நுனி இரண்டிலும் எண்ணெய்த் தாங்கி. அந்த நுனித் தாங்கியை வைத்துத்தான் தூரத்திலேயே இனம் பிடிப்போம். பிறகு இரட்டை விசிறிப் புக்காராவும் வந்தது, ஆர்ஜென்ரீனாவில் செய்தது, போக்லண்ட் சண்டையில் பறந்த இனம்.

எங்கள் காலத்தில் பெட்டியாவது பசையாவது. வேலியில் நின்ற முள்முருக்கைத் தறித்துக் காயவைத்து, பிளேட்டால் செதுக்கிச் சியாமாசெட்டி செய்தோம். மிருதுவான மரம், சொன்னபடி கேட்கும். பொருளாதாரத் தடை இருந்த நாட்களில் பெயின்றுக்கு எங்கே போக? கரியும் ஊமத்தம் இலையும் அரைத்துப் பள்ளிக்கூடக் கரும்பலகைக்குப் பூசுவார்களே, அதைத்தான் பூசினோம். கறுப்புச் சியாமாசெட்டி. உண்மையான நிறம் என்ன என்று யார் பக்கத்தில் போய்ப் பார்த்தது?

அது கிடக்க, உங்கள் படத்தில் கிபிர் வெறுமையாக நிற்கிறதே, அடையாளம் ஒன்றும் ஒட்டவில்லையா?

சாவகச்சேரியில் இருந்து

நான் மொடல் கட்டுகிற ஆள் இல்லை, மகன்தான் கட்டுகிறான். எட்டாம் வகுப்பு. தாய்மாமன் வாங்கிக் கொடுத்த எப்-16 ஒன்றை இப்போது கட்டிக்கொண்டிருக்கிறான். 2000ஆம் ஆண்டு நாங்கள் தென்மராட்சியை விட்டு ஓடினது பற்றி அவனுக்குச் சொல்லியிருக்கிறேன், கேட்பான், பிறகு அடுத்த துண்டை ஒட்டப் போய்விடுவான். அதில் எனக்குக் கோபம் இல்லை. ஒட்டட்டும், பூசட்டும். ஒரே ஒரு கட்டளைதான் போட்டிருக்கிறேன்: அதைக் கையில் தூக்கிக்கொண்டு வாயால் சத்தம் போட்டு விறாந்தையில் ஓடக் கூடாது. எங்கள் மாமிக்கு இன்னும் அந்தச் சத்தம் ஆகாது. அவன் இப்போது சத்தம் போடாமல் ஓடுகிறான், அதைப் பார்க்கத்தான் சிரிப்பு வரும்.

கொக்குவில் அண்ணாவிடம் ஒரு கேள்வி. மின்காற்றாடி முன்னால் இருந்து ஒட்டினாலும் அவன் தின்னர் மணக்க மணக்க இருக்கிறான். பிள்ளைகளுக்கு வேறு பசை இல்லையா?

குருநகரில் இருந்து

நல்ல பதிவு. நான் கட்டிக்கொண்டிருப்பது கிபிரின் அண்ணன், மிராஜ் 3. நான் சக்கரம் விரித்துத்தான் கட்டுவேன், நிலத்தில் நிற்கிற விமானம்தான் எனக்கு வடிவு. முக்கோணச் செட்டை விமானத்துக்குப் பாரமெல்லாம் பின்னால், மூக்குக்குள் ஏதாவது வைக்காவிட்டால் வாலில் குந்திவிடும். எங்கள் ஊரில் அதற்கு என்ன பஞ்சம், வலைக்குப் போடுகிற ஈயக்குண்டைத் தட்டி நசுக்கி மூக்குக்குள் அடைத்தேன். ஒட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். வெள்ளைப் பசையால் ஈயத்தை ஒட்டவே கூடாது. இரண்டும் சேர்ந்து நாளடைவில் வெள்ளையாகப் பூத்துப் பருத்து, மூக்கையே பிளந்துவிடும். இரண்டு ரியூப் கலக்கிற எப்பொக்சிதான் சரி.

அது இருக்க, கொக்குவில்காரர் சக்கரங்களைப் பாவிக்கவில்லை என்று எழுதியிருக்கிறார். என்னுடைய பெட்டியில் ஒரு பிரதான சக்கரம் இல்லை, பழைய பெட்டி, எப்போது விழுந்ததோ தெரியாது. கொடுக்க மனம் இருக்கிறதா?

மறுபடி கொக்குவிலில் இருந்து

நல்லூர் அண்ணைக்கு: பெட்டியில் இஸ்ரேல் அடையாளங்கள் இருந்தன. மஞ்சளாகிப் போயிருந்தது. பழைய ஒட்டுப்படத்தை வெளுப்பாக்க ஒரு வழி இருக்கிறது: பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டு யன்னல் கண்ணாடியில் வெயில் படுகிற மாதிரி ஒட்டிவிட வேண்டும். எங்கள் வெயிலுக்குச் சொல்ல வேண்டுமா, மஞ்சள் போய்விட்டது. தண்ணீரில் போட்டால் தூளாகிவிடக்கூடியது என்பதால் மேலே தெளிந்த வாணிஷும் அடித்து வைத்தேன். எல்லாம் சரியாகத்தான் வந்தது. ஆனால் ஒட்டவில்லை. அந்த நட்சத்திரத்தோடு ஒரு கிபிரை நான் கண்டதில்லை. மற்ற அடையாளத்தை, இலங்கை விமானப்படையினுடையதை, ஒட்ட மனம் வரவில்லை. கீழே இருந்து பார்க்கும்போது எங்களுக்கு எந்த அடையாளமும் தெரிந்ததும் இல்லை. எல்லாம் அச்சொட்டாக இருக்க வேண்டும் என்கிற மொடல்காரர் குறை சொல்வார்கள், சொல்லட்டும்.

சாவகச்சேரி அக்காவுக்கு: தம்பிக்குத் தின்னர் வேண்டாம். எலுமிச்சை வாசம் வருகிற மொடல் பசை இருக்கிறது, மணம் கடுமையில்லை, சின்னப் போத்தலில் மூடியோடு தூரிகையும் இருக்கும். வெளிநாட்டில் இருந்து யாராவது வரும்போது சொல்லிவிடுங்கள். ஆனால் பசை எரியக்கூடியது, விமானத்தில் கொண்டுவர விடுவார்களா என்று அவர்களைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை, காற்றாடியை அவனுக்குப் பின்னால் வைத்து யன்னலைத் திறந்துவிடுங்கள், மணம் வெளியே போகும்.

குருநகர் அண்ணைக்கு: சக்கரம் தாராளமாகத் தரலாம். கிபிர் பாரம் கூடினது என்பதால் அதன் கால்களைப் பலப்படுத்தியிருக்கிறார்கள், அதனால் கால்களை விட்டுவிட்டுச் சக்கரத்தை மட்டும் எடுங்கள். 1/72இல் யாரும் அளந்து பார்க்கப் போவதில்லை. சனிக்கிழமை சந்தைப்பக்கம் வருவேன், ஈயக்குண்டு கொஞ்சம் கொண்டுவாருங்கள். அடுத்தது ஹண்டர் கட்டப் போகிறேன், அதுவும் வாலில் குந்துகிற சாதி என்றுதான் கேள்வி.